தியானத்தில் உட்கார முடியவில்லை, பி.பி.க்கு வேறு வழி உண்டா?

கேள்வி: வயது 47. அச்சகம் நடத்துகிறேன். இரண்டு மாதமாக பி.பி. 150/96-க்குக் கீழே வரவில்லை. டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். தியானத்தால் தனக்கு பி.பி. குறைந்ததால், எனக்கும் அதுவே போதும் என்கிறார் மனைவி. பத்து நிமிடம் கண்ணை மூடினாலே எனக்கு எரிச்சல் வருகிறது. என் சுபாவத்துக்கு இதெல்லாம் ஒத்துவராதா?

பதில்: மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். தியானம், மூச்சுப்பயிற்சி எல்லாம் சில புள்ளிகள் குறைக்கலாம். இந்த அளவு பி.பி.க்கு அவை மாத்திரையோடு சேர வேண்டியவை.

சுபாவத்துக்கு வருவோம். நடப்பதெல்லாம் தன் கையில் இருக்கிறது என்று நம்புபவர்கள் உண்டு. விதியோ பிறரோ தீர்மானிப்பதாக நினைப்பவர்களும் உண்டு. இதை அளக்க அமெரிக்க உளவியலாளர் ஜூலியன் ராட்டர் 1966-இல் ஒரு கேள்விப்பட்டியலே வெளியிட்டார். பெரும்பாலோர் நடுவில் எங்கோ இருக்கிறோம். நான் பார்த்தவரை, முதல் வகையினர் பி.பி. கருவி வாங்கித் தாங்களே அளந்து நோட்டில் எழுதுகிறார்கள். மற்றவர்களுக்குக் கூட இருந்து சொல்லித்தர ஒருவர் வேண்டும். அப்படிக் கிடைத்தால் அவர்களும் நன்றாகவே செய்கிறார்கள். மனதுக்கு ஒட்டாத முறையை எடுத்தவர்கள்தான் மூன்றாவது வாரமே விட்டுவிடுகிறார்கள்.

நாள் முழுக்க வேலையாக ஓடும் உங்களுக்கு தசைத் தளர்வுப் பயிற்சி பொருந்தும் என்று தோன்றுகிறது. எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற மருத்துவர் உருவாக்கியது. கண்ணை மூட வேண்டியதில்லை. முஷ்டியை ஐந்து விநாடி இறுக்கி, மெதுவாக விடுங்கள். அப்புறம் தோள், கால் என்று ஒவ்வொன்றாக. மூச்சை மட்டும் அடக்காதீர்கள். வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் வேகநடை இருந்தால் இன்னும் நல்லது.

உப்பு விஷயத்தில் உங்கள் மனைவியின் துணை அவசியம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன், அதற்குள் இருக்கட்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அந்தக் கணக்கில்தான்.

வீட்டில் அளப்பதானால் ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை. ஒரு வாரம் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். மணிக்கு ஒருமுறை அளந்து பதறினால், அந்தப் பதற்றமே பி.பி.யை ஏற்றும். ஆனால் 180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக்குழறல் வந்தால் எந்தப் பயிற்சியும் வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.