கணவாயும் நண்டும் கடல் அட்டையும்: வேலை கேட்டு வந்த கடிதங்கள்

கடல் படிப்பு, மீன்வளக் கணக்கெடுப்பு வேலை பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, ஐந்துக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன்.

பி.எஸ்சி. விலங்கியல் கடைசி வருடம் படிக்கிறேன். கணவாய், நண்டு, கடல் அட்டை மாதிரி முதுகெலும்பு இல்லாத கடல் உயிர்களைப் பற்றித்தான் வேலை பார்க்க ஆசை. ஸ்கூபா டைவிங் தெரிந்தால்தான் முடியுமா? "இதுக்கெல்லாம் எங்கே வேலை இருக்கு" என்கிறார் அப்பா.
*வாசகி, பரமக்குடி*

டைவிங் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டால் கதவு மூடிவிடாது. பவளப்பாறை, கடற்புல் பற்றிய ஆய்வுக்குத் தண்ணீருக்குள் இறங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் கணவாய், இறால், நண்டு, சிங்கி இறால் இவற்றைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி மீன்பிடித் துறைமுகத்தில், ஏலம் போடுகிற இடத்தில், ஈரத் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அளந்து எழுதியதுதான். உங்களுக்கு இது பக்கம். ஒரு விடிகாலை ராமேஸ்வரத்துக்கோ மண்டபத்துக்கோ போய் நின்று பாருங்கள். கூடையிலிருந்து ஒரு நீல நண்டை எடுத்துத் திருப்பினால் வயிற்றில் ஒரு மடிப்பு இருக்கும். அது குறுகலாக இருந்தால் ஆண், அரைவட்டமாக அகன்றிருந்தால் வளர்ந்த பெண், முக்கோணமாக இருந்தால் இன்னும் பருவம் வராத பெண். சினை நண்டாக இருந்தால் அந்த மடிப்புக்கு வெளியே முட்டைக் கொத்து பிதுங்கி நிற்கும். முட்டை மஞ்சளாக இருந்தால் இப்போதுதான் இட்டது, கருத்துப் போயிருந்தால் பொரிக்கப் போகிறது. ஓட்டின் அகலத்தை வெர்னியரில் அளந்து, எடை போட்டு, நிறத்தைக் குறித்து, அடுத்த நண்டை எடுக்க வேண்டும். மாதாமாதம் இதைச் செய்தால்தான் எந்த மாதத்தில் சினை அதிகம், எந்த அளவில் முதல் முறை முட்டை இடுகிறது என்பது தெரியவரும். இந்த வேலையில் உங்களுக்குச் சலிப்பு வராது என்றால் தைரியமாக வாருங்கள்.

முதுகெலும்பில்லாத உயிர்களில் எனக்குப் பிடித்த சிக்கல் ஒன்று உண்டு. மீனுக்குத் தலைக்குள் காதுக்கல் இருக்கிறது, அதில் வளையம் எண்ணி வயதைச் சொல்லலாம். இறாலும் நண்டும் வளர வளரச் சட்டையை உரித்துப் போட்டுவிடுகின்றன, பழைய ஓட்டோடு பழைய அடையாளமும் போய்விடுகிறது. அதனால் வயதை நேராகப் படிக்க வழியில்லாமல், ஆயிரக்கணக்கான நீள அளவுகளை அடுக்கி, மாதத்துக்கு மாதம் எந்த அளவுக் கூட்டம் எங்கே நகர்கிறது என்று பார்த்து வளர்ச்சியைக் கணிக்க வேண்டியிருக்கிறது. புள்ளியியல் படிக்காமல் இந்தத் துறைக்கு வரவே வராதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். இப்போதே ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளைக் கற்றுக்கொள்ள ஆரம்பியுங்கள், இலவசம்.

படிப்பு என்றால், விலங்கியல் முடித்தவர்களுக்குப் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது, போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது, கொச்சியிலும் வாய்ப்பு உண்டு. எங்கே சேர்ந்தாலும் இனம் காணும் கண்ணை வளர்த்துக்கொள்ளுங்கள். வகைப்பாட்டியல் தெரிந்த ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். சங்காயக் குவியலை, அதாவது வலையில் சேர்ந்து வரும் கழிவு மீன் குவியலைக் கிளறி, இது இன்ன இறால், இது இன்ன நண்டின் குஞ்சு என்று பெயர் சொல்லத் தெரிந்தவரை எந்தத் திட்டத்திலும் தேடுவார்கள்.

அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள்: இந்தியாவின் கடலுணவு ஏற்றுமதியில் அதிகப் பணம் கொண்டுவருவது மீன் இல்லை, இறால். இறாலுக்கும் முதுகெலும்பு கிடையாது. அதே சமயம் நிரந்தர அரசுப் பதவிகள் குறைவு என்பதும் உண்மை. அதையும் அவரிடம் மறைக்க வேண்டாம்.

கல்லூரி புராஜெக்ட்டுக்குக் கடல் அட்டை வேண்டும். மீனவ நண்பர் பிடித்துத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?
*மாணவர், தூத்துக்குடி*

வாங்கவே வாங்காதீர்கள். கடல் அட்டையை 2001-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். பிடித்தாலும் வைத்திருந்தாலும் வழக்கு வரும். உங்கள் மதிப்பெண்ணுக்காக அந்த நண்பர் சிறைக்குப் போக வேண்டாம். ஆய்வு செய்ய வேண்டுமானால் வழிகாட்டிப் பேராசிரியர் மூலம் வனத்துறையிடம் முன் அனுமதி வாங்கியாக வேண்டும், பி.எஸ்சி. புராஜெக்ட்டுக்குள் அது கைக்கு வருவது கஷ்டம். வேறு உயிரை எடுங்கள். ஊசிக் கணவாய் எடுக்கலாம், ஏலத்தில் காசு கொடுத்து வாங்கி அளக்கலாம், ஒரு தொந்தரவும் இல்லை. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள், உங்கள் ஊருக்கே பெருமை. வெள்ளை அட்டை என்ற கடல் அட்டை இனத்தின் குஞ்சுகளைப் பொரிப்பகத்தில் உற்பத்தி செய்வது 1988-ல் தூத்துக்குடியில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தில், டி.பி. ஜேம்ஸ் குழு செய்துகாட்டியது. அதைப் பற்றிப் படித்தே ஒரு நல்ல அறிக்கை எழுதலாம்.

நான் விசைப்படகு வைத்திருக்கிறேன். கரைக்கு வந்ததும் ஒரு தம்பி நோட்டோடு வந்து எத்தனை கிலோ, எங்கே மடி (இழுவலை) போட்டீர்கள், எத்தனை மணி நேரம் என்று கேட்கிறார். அந்தக் கணக்கு எங்கே போகிறது? நமக்கு ஏதாவது வம்பு வருமா?
*படகு உரிமையாளர், ராமநாதபுரம் மாவட்டம்*

அண்ணே, நியாயமான கேள்வி. அந்தத் தம்பி பெரும்பாலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கெடுப்பாளராக இருப்பார். 1947-ல் தொடங்கிய நிறுவனம், முன்பு மண்டபத்தில் இருந்த தலைமையிடம் 1971-ல் கொச்சிக்குப் போனது. கடற்கரை முழுக்க எல்லாப் படகையும் தினமும் எண்ண ஆள் கிடையாது. அதனால் மாதத்தைப் பத்துப் பத்து நாளாகப் பிரித்து, இறங்குதளத்தையும் நாளையும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கிறார்கள். முதல் நாள் பகல் 12 மணியிலிருந்து மாலை 6 வரை, மறுநாள் காலை 6-லிருந்து 12 வரை ஆள் நிற்பார், நடுவில் இரவில் வந்ததை விசாரித்துச் சேர்த்துக்கொள்வார். 15 படகுக்குள் வந்தால் எல்லாவற்றையும் எழுதுவார், அதற்கு மேல் போனால் சிலவற்றை மட்டும். அதை வைத்துத்தான் மாவட்டத்துக்கு, மாநிலத்துக்கு என்று மொத்தப் பிடிப்பைக் கணிக்கிறார்கள். வெளியே வருவது இந்த மொத்தக் கணக்குதான், உங்கள் படகின் தனிக் கணக்கு இல்லை.

நீங்கள் குறைத்துச் சொன்னால் யாருக்கு நஷ்டம் என்று யோசியுங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் சரியான மாதத்தில்தான் இருக்கிறதா என்று நாளை ஒரு பேச்சு வந்தால், அங்கே மேசையில் இருக்கப் போவது இந்த நோட்டுக் கணக்குதான். 2003-ல் சிங்கி இறால் ஏற்றுமதிக்கு இனத்துக்கு இனம் குறைந்தபட்ச எடை வைத்தார்களே, அந்த மாதிரி விதிகளுக்கும் அடிப்படை கரையில் அளந்து எழுதுகிற எண்கள்தான். எண் தப்பாக இருந்தால் விதியும் தப்பாகத்தான் வரும், அதன் கீழே தொழில் செய்யப் போவது நீங்களும் உங்கள் பிள்ளைகளும்.

அந்தத் தம்பிக்கும் ஒரு வார்த்தை. ஏலம் நடக்கும்போது குறுக்கே போய் நிற்காதீர்கள். பெட்டி இறங்கி, ஆட்கள் டீ குடிக்கும்போது கேளுங்கள். போன மாதம் வாங்கிய கணக்கில் என்ன தெரிந்தது என்று திரும்பி வந்து சொல்லுங்கள். கேட்டு வாங்கிக்கொண்டு போகிறவர்கள் பலர், வந்து சொல்கிறவர்கள் ரொம்பக் குறைவு. மீனவர்கள் மனம் விட்டுப் பேசாததற்கு அதுதான் முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன்.

மகள் மீன்வளப் படிப்பில் சேர விரும்புகிறாள். கப்பலில் போக வேண்டிவருமா? அவளுக்குப் பஸ்ஸில் போனாலே வாந்தி.
*ஒரு தாய், மதுரை*

கப்பலில் போகாமலே முழு வேலைக்காலமும் கழிக்கலாம் அம்மா. கரை ஆய்வு, ஆய்வகம், பண்ணை, பொரிப்பகம், கணக்கு என்று எத்தனையோ இருக்கிறது. கப்பல் ஆய்வு தனி. இந்திய மீன்வள ஆய்வகத்துக்கு மும்பையில் தலைமையகம், சென்னை உட்பட ஏழு இடங்களில் தளம். குறித்த ஆழத்தில் இழுவலை போட்டு ஒரு மணி நேரத்துக்கு எத்தனை கிலோ ஏறியது என்று எழுதுவது அங்கே வழக்கம். கொச்சியிலிருந்து போகும் சாகர் சம்பதா ஆய்வுக் கப்பலில் பெண் ஆய்வாளர்களும் போகிறார்கள். கடல் மயக்கம் பலருக்கு முதல் சில நாளில் பழகிவிடும், சிலருக்குப் பழகாது. மருத்துவரைக் கேட்டு மாத்திரை வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் பி.எஃப்.எஸ்சி. (மீன்வள அறிவியல் இளநிலை) நான்கு வருடப் படிப்பு, தூத்துக்குடியிலும் பொன்னேரியிலும் கல்லூரிகள் இருக்கின்றன. இதைப் படித்தால் டிஎன்பிஎஸ்சி நடத்தும் மீன்வளத் துறைத் தேர்வுகளும் எழுதலாம். பஸ் வாந்திக்காக இந்தப் படிப்பை விட்டுவிட வேண்டாம்.

எம்.எஸ்சி. முடித்து, திட்டப் பணியில் ஒப்பந்தத்தில் இருக்கிறேன். திட்டம் மார்ச்சில் முடிகிறது. வயது 29. இதை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகலாமா என்று தினமும் யோசிக்கிறேன்.
*பெயர் வெளியிட வேண்டாம், சென்னை*

இந்த நிலையில் எத்தனையோ பிள்ளைகள் இருக்கிறீர்கள், எனக்கு இது வருத்தமாகத்தான் இருக்கிறது. கடற்கரை முழுக்க எண்களைச் சேர்க்கிறவர்களுக்கு அடுத்த வருடம் வேலை இருக்குமா என்று தெரியாமல் இருப்பது சரியே இல்லை. பல வருடம் தொடர்ந்து எடுத்தால்தான் கணக்குக்கு மதிப்பு, எடுக்கிற ஆளை மட்டும் வருடா வருடம் மாற்றுகிறோம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் வயது வரம்பைப் பாருங்கள். மத்திய மீன்வள ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் விஞ்ஞானிகளைத் தேர்ந்தெடுக்கும் வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியத்தின் புது அறிவிக்கையை எடுத்து, உங்கள் பட்டம் எந்தப் பிரிவுக்குப் பொருந்துகிறது, இன்னும் எத்தனை முறை எழுதலாம் என்று இன்றைக்கே எழுதிவையுங்கள். இரண்டாவது, திட்டம் முடிவதற்குள் நீங்கள் சேர்த்த தரவிலிருந்து ஒரு ஆய்வுக் கட்டுரையாவது உங்கள் பெயரோடு வரட்டும். திட்டத் தலைவரிடம் நேராகக் கேளுங்கள், தயங்க வேண்டாம். கட்டுரை இல்லாமல் வெளியே வந்தால் இத்தனை வருட வேலையும் ஒரு அனுபவச் சான்றிதழோடு முடிந்துவிடும். மூன்றாவது, இறால் பொரிப்பகம், கடலுணவு ஏற்றுமதி நிறுவனத்தின் தரக் கட்டுப்பாடு, சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யும் நிறுவனங்கள் இவற்றிலும் உங்கள் திறமைக்கு இடம் உண்டு. அடிமண் மாதிரியைச் சலித்துப் புழுக்களை இனம் காணத் தெரிந்தவரைத் துறைமுகத் திட்டங்களுக்கு மதிப்பீடு செய்கிறவர்கள் தேடுகிறார்கள்.

வீட்டில் உங்கள் சம்பளம் கட்டாயம் தேவை என்றால் மார்ச்சுக்குக் காத்திருக்காமல் இப்போதே விண்ணப்பம் போடுங்கள். தேவை இல்லை, ஒரு வருடம் சமாளிக்கலாம் என்றால் தேர்வுக்கு உட்காருங்கள். அதுவரை நீங்கள் எடுத்த படங்கள், மாதிரிகளின் பட்டியல், களக் குறிப்புகள் எல்லாவற்றுக்கும் விதிப்படி அனுமதி வாங்கி ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். நேர்காணலில் முதலில் கேட்பது அதைத்தான்.