ஆடிப்பெருக்குக்கு வாட்ச்சோட முங்கலாமா?

கேள்வி: சார், என் டைவ் வாட்ச்ல 200 மீட்டர்னு போட்டிருக்கு, ஆனா போன மாசம்தான் மூடிய தொறந்து பேட்டரி மாத்துனேன். பதினெட்டுக்கு காவிரில முங்கறதுக்குள்ள வீட்லயே டெஸ்ட் பண்ண முடியுமா?
- கும்பகோணம் வாசகர்

பதில்: பண்ணலாம், ஆனா பக்கெட்ல மட்டும் போட்டு பாக்காதீங்க, அப்படித்தான் நான் ஒண்ண காலி பண்ணேன். பம்பு வெச்ச பிரஷர் டெஸ்டர் விக்குது. பாதி தண்ணி ஊத்தி, வாட்ச்ச மேல காத்துல தொங்கவிட்டு 3 பார் (பிரஷரோட அளவு) ஏத்தி கொஞ்ச நேரம் விடுங்க, ஓட்டை இருந்தா காத்து உள்ள புகுந்துக்கும், அப்புறம் தண்ணில இறக்கி பிரஷர மெதுவா குறைச்சா மூடி ஓரத்துலேர்ந்து விடாம முத்து முத்தா குமிழி வரும், வந்தா கேஸ்கெட் (தண்ணி புகாம தடுக்கற ரப்பர் வளையம்) போச்சு, பிரஷர் முழுசா இறங்கறதுக்குள்ள வாட்ச்ச வெளிய தூக்கிடுங்க, இல்லன்னா தண்ணி உள்ள போயிடும். (ஸ்ட்ராப்ல ஒட்டியிருக்கற ஒண்ணு ரெண்டு குமிழிக்கு பயப்படாதீங்க.) 10 மீட்டர் ஆழத்துக்கே சுமார் 1 பார்தான், படித்துறைல முங்க 3 தாராளம். கிரவுன (வாட்ச் பக்கவாட்டுல இருக்கற திருகு குமிழ) திருகி இறுக்கிட்டு இறங்குங்க.