ஆசிரியர்களுக்கு மூடுல் பயிற்சியை எதில் தொடங்குவது?

கல்லூரி ஆசிரியர்களுக்கு, இணையவழியில் பாடங்களையும் தேர்வுகளையும் நடத்த உதவும் மூடுல் (Moodle) மென்பொருளைக் கற்பிக்க எதில் தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அவர்களை மாணவர்களாக உட்கார வையுங்கள். ஒரு வினாடிவினாவுக்கு விடையளித்து, ஓர் ஒப்படைப்பைப் பதிவேற்றி, மதிப்பெண் எங்கே வருகிறது என்று தேடிப் பார்க்கட்டும். மறைத்து வைத்த பாடம் ஆசிரியர் திரையில் தெரியும், மாணவருக்குத் தெரியாது. 'ஏற்றிவிட்டேனே!' 'வரவில்லையே, சார்!' என்ற வாக்குவாதம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. மாணவர் பார்வைக்கு மாறிப் பார்க்கும் வசதியை அன்றே காட்டிவிடுங்கள்.

அடுத்து வினா வங்கி. ஒருமுறை எழுதிய வினாவை அடுத்த ஆண்டும் எடுக்கலாம், சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களை மென்பொருளே திருத்திவிடும் என்று கண்டவுடன் தயங்கியவர்களும் நெருங்கி வருவார்கள். மாதிரிப் பாடம் வேண்டாம்; திங்கட்கிழமை நடத்தப்போகும் பாடத்தையே ஏற்றச் சொல்லுங்கள். தடுமாறினாலும் மவுஸை அவர்கள் கையிலிருந்து வாங்காதீர்கள்.