இரும்பு எப்படிங்க தண்ணில மிதக்கும்?

கேள்வி: காந்த நானோ துகள்களை தண்ணி மேல மிதக்கவிட்டு ஒரே ஒரு அடுக்கா படலம் எடுக்குறாங்களாமே, அது இரும்பு தானே, மூழ்காதா?

பதில்: நல்லா கேட்டீங்க! அது இரும்பு ஆக்சைடுங்க, பெரும்பாலும் மேக்னடைட், சைஸ் 10 நானோமீட்டர் பக்கம். ஒவ்வொரு துகளையும் சுத்தி ஒலியிக் ஆசிட்னு ஒரு கொழுப்பு அமிலம் பூசியிருப்பாங்க, அந்த அமில மூலக்கூறோட நீளமான வால் பகுதி எண்ணெய் மாதிரி, தண்ணிக்கும் அதுக்கும் ஆகவே ஆகாது, அதனால மேலயே நின்னுடும்.

துகளை குளோரோஃபார்ம் இல்லனா ஹெக்சேன்ல கலந்து, சிரிஞ்சுல சொட்டு சொட்டா தண்ணி மேல விடணும், கரைப்பான் ஆவியாகிப் போனதும் துகள் அங்கங்க தீவு தீவா கிடக்கும், அப்புறம் தண்ணித் தொட்டியோட ரெண்டு பக்கமும் இருக்குற டெஃப்லான் தடுப்பை மெதுவா, ரொம்ப மெதுவா நகர்த்தினா எல்லாம் நெருங்கி ஒட்டி ஒரு அடுக்கா ஆயிடும். அவசரப்பட்டு ஓவரா அமுக்குனா படலம் மடிஞ்சு சுருங்கிடும், ஒரு அடுக்கு போய் ரெண்டு மூணு அடுக்காயிடும். எவ்ளோ அமுக்குறோம்னு தெரிய ஒரு சின்ன தகடை தண்ணில தொட்டும் தொடாமலும் தொங்கவிட்டு பரப்பு அழுத்தத்தை அளப்பாங்க. கடைசியா கண்ணாடியையோ சிலிக்கான் துண்டையோ முக்கி எடுத்தா படலம் அதுல ஏறிக்கும்.

காந்தம்னா ஒண்ணோட ஒண்ணு இழுத்து கட்டியாகாதானு அடுத்து கேப்பீங்க. இவ்ளோ குட்டி சைஸ்ல, ரூம் வெப்பத்துல, காந்த திசை நிலையா நிக்காம புரண்டுகிட்டே இருக்கும், அதனால இழுப்பு கம்மி. பெரிய துகள்னா கஷ்டம்தான்.

இந்த டெக்னிக்குக்கு லாங்மியூர், பிளாட்ஜெட்னு ரெண்டு விஞ்ஞானிகள் பேரைச் சேர்த்து லாங்மியூர்-பிளாட்ஜெட்னு பேரு, லாங்மியூருக்கு 1932ல நோபலும் கிடைச்சுது. ஆனா அவருக்கும் முன்னாடியே வீட்டு சமையலறைல தொட்டி வச்சு தண்ணிப் பரப்பை ஆராய்ஞ்சவங்க ஆக்னஸ் பாக்கெல்ஸ், அவங்க கடிதம் 1891லயே நேச்சர் இதழ்ல வந்துச்சு. அவங்க பேரையும் சேர்த்திருக்கலாம்ல!