ஜெபக்குறிப்பாகிப்போன கடன்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். சிங்கப்பூரில் ஒரு தமிழ்ச் சபையில் வெளிநாட்டு ஊழியர்களுக்கான ஞாயிறு கூடுகையை நடத்திவந்தேன். கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை செய்யும் தம்பிகள் விடுதிகளிலிருந்து வருவார்கள். அவர்களில் ஒருவர், தங்கையின் திருமணத்துக்காக இங்கே வட்டிக்குக் கடன் வாங்கிவிட்டுக் கட்ட முடியாமல் தவிப்பதாக என்னிடம் தனியாகச் சொன்னார். நான் அதை அவர் பெயரோடு வாட்ஸ்அப் ஜெபக்குழுவில் போட்டேன். சில நாட்களில் செய்தி ஊருக்குப் போய், தங்கையின் மாமியார் வீடுவரை எட்டிவிட்டது. அவர் வருவதை நிறுத்திவிட்டார். நான் பொறுப்பிலிருந்து விலகினேன். இப்போது போதகர், "ஆண்டவர் மன்னித்துவிட்டார், ஈஸ்டருக்குள் திரும்பிவிடுங்கள்" என்கிறார். மனைவி கூடாது என்கிறார். இயேசுவை மூன்று முறை மறுதலித்த பேதுருவே எழுந்து நிற்கவில்லையா? நான் எப்போது திரும்பலாம்?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள சகோதரருக்கு,

உங்கள் மனைவி சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

பேதுருவைக் கொஞ்சம் விட்டுவிடுங்கள். சறுக்கிய தலைவர்கள் எல்லோரும் முதலில் அவர் கையைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். திபேரியா கடற்கரையில் அவரிடம் மூன்று முறை கேள்வி கேட்டு, ஆடுகளை ஒப்படைத்தவர் யார்? எவரை மறுதலித்தாரோ அவரே. உங்கள் விஷயத்தில் நோகடிக்கப்பட்டவர் ஏதோ ஒரு விடுதியில் இருக்கிறார். இன்னும் வாய் திறக்கவில்லை. அதற்குள் அவர் பங்கு மன்னிப்பையும் சேர்த்து உங்கள் போதகரே வழங்கிவிட்டார். எண்ணாகமம் ஐந்தாம் அதிகாரத்தில் குற்றம் செய்தவன் அதை அறிக்கையிட்டு, முதலோடு ஐந்தில் ஒரு பங்கையும் கூட்டி, பாதிக்கப்பட்டவன் கையில் கொடுக்க வேண்டும் என்றிருக்கிறது. காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகச் சொல்கிறது மலைப்பிரசங்கம். இதையெல்லாம் நீங்களே பலமுறை பிரசங்கித்திருப்பீர்கள்.

சிங்கப்பூரில் சபைத் தலைவர் விழுந்தார் என்றால் பலருக்கும் சிட்டி ஹார்வெஸ்ட் சபையின் வழக்குதான் நினைவுக்கு வரும். சுமார் 5 கோடி சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) சபைப் பணம் தொடர்பான அந்த வழக்கில் 2015இல் ஆறு பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. பணம் என்றால் கணக்கு உண்டு, தணிக்கை உண்டு, நீதிமன்றமும் உண்டு. நம்பிச் சொன்ன ஒரு வார்த்தையை நாலு பேருக்கு விநியோகித்ததற்கு எந்தத் தணிக்கையும் கிடையாது. அதனால்தான் சபைகள் இதைச் சின்ன விஷயமாக நினைத்து, ஒரு ஜெபத்தோடு முடித்துவைக்கின்றன. நம் ஜெபக்குறிப்புகளில் பாதி, முழங்காலில் நின்று சொல்லப்படும் ஊர்வம்பு. கோபித்துக்கொள்ளாதீர்கள், எல்லாச் சபைகளிலும் இதுதான் நிலை.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறொன்று. அவர் கடன் வாங்கியது உரிமம் பெற்ற வட்டிக்காரரிடமா, உரிமமில்லாமல் சட்டவிரோதமாகக் கடன் கொடுக்கும் ஆலோங்கிடமா? எவ்வளவு? அதைப்பற்றி ஒரு வரியும் இல்லை. நீங்கள் கேட்டிருக்கவே மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். உரிமம் பெற்றவர் என்றால், 2015 அக்டோபர் முதல் மாதத்துக்கு 4 சதவிகிதத்துக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது. தாமதக் கட்டணம் மாதத்துக்கு 60 வெள்ளியைத் தாண்டக் கூடாது. வட்டியும் கட்டணங்களும் எல்லாம் சேர்ந்தாலும் வாங்கிய முதலைவிட அதிகமாகக் கூடாது. தவணைக்குத் தவணை தொகை ஏறுவதைப் பார்த்துப் பயந்து கிடக்கும் ஒருவருக்கு, ஒப்பந்தத்தை வாங்கிப் பக்கம் பக்கமாகப் படித்து, "தம்பி, இதற்கு மேல் அவர்கள் கேட்க முடியாது" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். நீங்கள் அந்த ஆளாக இருந்திருக்கலாம். ஆலோங் என்றால் பேச்சே வேறு. காவல்துறையிடம் போகத்தான் வேண்டும், போவதற்கு அவருக்குத் துணை வேண்டும்.

தாவீது அதுல்லாம் கெபியில் ஒளிந்திருந்தபோது அவரிடம் வந்து சேர்ந்தவர்களில் கடன்பட்டவர்களும் இருந்தார்கள் என்கிறது சாமுவேலின் முதல் புத்தகம். கடனில் சிக்கியவர்களுக்கு உதவும் சிங்கப்பூர் அமைப்பு ஒன்றுக்கு அதுல்லாம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். சபைக்கு மிக அருகிலேயே இத்தகைய உதவி இருக்கிறது. நமக்குத்தான் குழுவில் தட்டச்சு செய்வது எளிதாக இருக்கிறது.

இப்போது என்ன செய்வது? முதலில் அதே குழுவில் எழுதுங்கள்: நம்பிச் சொன்னதை வெளியே சொன்னேன், அது என் தவறு. கடன் விவரத்தை மறுபடி கிளறாதீர்கள், பெயரையும் எழுதாதீர்கள். பிறகு அந்தத் தம்பிக்கு, அவர் அறையில் இருக்கும் நண்பர் மூலமாக, பார்க்க விருப்பமா என்று கேட்டனுப்புங்கள். இரண்டு மூப்பர்களைக் கூட்டிக்கொண்டு சபை வேனில் விடுதி வாசலில் போய் இறங்கிவிடாதீர்கள். பக்கத்து அறைக்காரர்கள் அத்தனை பேரும் எட்டிப் பார்ப்பார்கள். சந்திக்கச் சம்மதித்தால் தனியாகப் போங்கள். அவர் திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். "மன்னித்துவிட்டேன் என்று சொல்லுங்கள் தம்பி" என்று கெஞ்சாதீர்கள். அது அவர் தலையில் இன்னொரு கடனை ஏற்றுவது. சம்மதிக்கவில்லை என்றால் அதையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

உங்களுக்கு வேதாகமத்தில் ஆள் வேண்டுமென்றால் மாற்குவை எடுத்துக்கொள்ளுங்கள். பம்பிலியாவில் பாதி வழியில் திரும்பிப்போனவர். அடுத்த பயணத்துக்கு அவரைச் சேர்த்துக்கொள்ளப் பவுல் மறுத்தார். அதனால் உடன் ஊழியர் பர்னபாவுக்கும் பவுலுக்கும் சண்டையே வந்தது. தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், மாற்குவை அழைத்துவா, அவன் ஊழியத்துக்குப் பயன்படுவான் என்று கேட்பவரும் அதே பவுல்தான். நான் எப்போது திரும்பலாம் என்று மாற்கு கேட்டதாக எங்கும் எழுதப்படவில்லை.

போதகரின் அவசரம் எனக்குப் புரிகிறது. ஞாயிறு பிற்பகல் கூடுகையை யாராவது நடத்த வேண்டும். அதற்கு நீங்கள்தான் வேண்டும் என்பதில்லை. விடுதியிலிருந்து வரும் தம்பிகளில் ஒருவரையே பொறுப்பில் வைக்கச் சொல்லுங்கள். வட்டிக்காரரின் ஒப்பந்தம் எப்படி இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். எந்தச் செய்தி எந்த ஊருக்கு எவ்வளவு வேகத்தில் போகும் என்பதும் தெரியும்.