'நன்றி: கூகுள்' என்று எழுத வேண்டாம்

பணி ஓய்வு பெற்ற பல்கலைக்கழக நூலகர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் அளிக்கும் பகுதி. இந்த இதழில், ஆய்வில் படங்களையும் காணொளிகளையும் பயன்படுத்துவது பற்றி.

கேள்வி: அம்மா, தஞ்சைப் பெரிய கோயில் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ஆய்வேட்டில் உள்ள படங்களில் பெரும்பாலானவை இணையத்தில் எடுத்தவை. 'கல்விக்குத்தானே, எதை வேண்டுமானாலும் போடலாம்' என்கிறார் நெறியாளர். உடன் படிப்பவரோ வழக்கு வரும் என்கிறார். யார் சொல்வது சரி?
– ஆய்வு மாணவி, கும்பகோணம்

பதில்: நெறியாளர் சொல்வதில் பாதி சரி. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, ஆராய்ச்சிக்கும் விமர்சனத்துக்கும் பிறர் படைப்பை நியாயமான அளவில் எடுத்தாள இடம் தருகிறது. ஒரு சிற்பத்தின் படத்தைப் போட்டு, அதைப் பற்றியே இரண்டு பக்கம் அலசியிருந்தால் பயப்படத் தேவையில்லை. அட்டையிலும் அத்தியாய முகப்பிலும் அழகுக்காகப் போட்ட படங்களுக்கு அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது. மேலும், ஆய்வேடு இப்போது நூலக அலமாரியோடு நிற்பதில்லை. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் சோத்கங்கா தளத்தில் ஏறி எல்லாருக்கும் திறந்துவிடுகிறது. நாளை ஒரு பதிப்பாளர் அதைப் புத்தகமாக்கி விலை வைத்தால், 'கல்விக்குத்தானே' என்ற வாதம் வலுவிழந்துபோகும்.

வழக்கைவிட எனக்குப் பெரிய கவலை ஒன்று உண்டு. நூலகத்தில் என் மேசைக்கு வந்த ஆய்வேடுகளில், கல்வெட்டு ஒன்றை மேற்கோள் காட்ட ஐந்து வரி அடிக்குறிப்பு இருக்கும். பக்கத்திலேயே உள்ள படத்தின் கீழே 'நன்றி: கூகுள்' என்று மட்டும் இருக்கும். கூகுள் அந்தப் படத்தை எடுக்கவில்லை. வெயிலில் நின்று எடுத்தவர் ஒருவர் இருக்கிறார். அவர் பெயரைத் தேடுவதும் ஆராய்ச்சிதான். பல நேரங்களில் அது நாம் எதிர்பாராத சான்றைக் கையில் கொண்டுவந்து தரும்.

நீங்கள் குறிப்பிடாவிட்டாலும் சொல்கிறேன்: பெரிய கோயிலின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் உங்கள் கோப்பில் இருந்தால், அவற்றில் சில லின்னேயஸ் ட்ரைப் எடுத்தவையாக இருக்கலாம். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த இவர், 1858இல் தஞ்சையிலும் மதுரையிலும் படம் எடுத்தார். விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே தொடராக்கினார். கல்வெட்டு ஆய்வாளருக்கு இது எப்பேர்ப்பட்ட ஆவணம்! 'பழைய தஞ்சை' என்ற தலைப்போடு சுற்றும் மங்கலான பிரதியை எடுத்துப் போட்டால், ஆண்டும் தெரியாது, எடுத்தவரும் தெரியாது, எழுத்தும் படிக்க முடியாது.

ஆகவே முதல் வேலையாக, கையில் உள்ள ஒவ்வொரு படத்தையும், படத்தை வைத்தே தேடித் தரும் டின்ஐ அல்லது கூகுள் லென்ஸில் ஏற்றி, அதன் மூலப் பக்கத்தைக் கண்டுபிடியுங்கள். ட்ரைப் 1902இல் இறந்தார். நம் சட்டப்படி புகைப்படத்துக்கு, எடுத்தவர் ஆயுளும் அதன் பிறகு 60 ஆண்டுகளும் பதிப்புரிமை உண்டு. அந்தக் கணக்கு எப்போதோ முடிந்துவிட்டது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம், பதிப்புரிமை முடிந்த தன் சேகரிப்புகளின் படங்களை 2017 முதல் கட்டணமின்றி, அனுமதி கேட்காமல் பயன்படுத்தத் தருகிறது. லாஸ் ஏஞ்சலஸ் கெட்டி அருங்காட்சியகமும் அப்படித்தான். அச்சுக்குத் தாங்கும் அளவில் அங்கேயே பதிவிறக்கலாம்.

இன்றைய படங்களுக்கு விக்கிமீடியா காமன்ஸ் போங்கள். படத்துக்குக் கீழே உரிமம் எழுதியிருக்கும். 'சிசி' என்பது கிரியேட்டிவ் காமன்ஸ், அதாவது படைத்தவரே சில நிபந்தனைகளோடு எல்லாருக்கும் தரும் பொது உரிமம். 'சிசி பை' என்றால் பெயர் சொல்லிப் பயன்படுத்தலாம். 'எஸ்ஏ' சேர்ந்திருந்தால், நீங்கள் மாற்றியமைத்த படத்தையும் அதே உரிமத்தில் தர வேண்டும். வேறு தளங்களில் 'என்சி', 'என்டி' என்றும் பார்ப்பீர்கள். முன்னது வணிகப் பயன்பாட்டுக்கு இல்லை. புத்தகம் போடும் எண்ணம் இருந்தால் இப்போதே தவிர்த்துவிடுங்கள். பின்னதை மாற்றியமைத்து வெளியிடக் கூடாது. படக் குறிப்பு இப்படி அமையட்டும்: 'விமானம், தென்கிழக்கிலிருந்து. புகைப்படம்: எடுத்தவர் பெயர், ஆண்டு. விக்கிமீடியா காமன்ஸ், சிசி பை-எஸ்ஏ 4.0. ஓரம் வெட்டப்பட்டது.' அந்தக் கடைசி இரண்டு சொற்களை விட்டுவிடாதீர்கள். மாற்றம் செய்ததைச் சொல்வதும் உரிமத்தின் நிபந்தனை. பதிவிறக்கும் அன்றே பக்க முகவரியையும் தேதியையும் உரிமத்தையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சமர்ப்பிக்கும் வாரத்தில் தேட உட்கார்ந்தால் அழுகைதான் வரும்.

கும்பகோணத்திலிருந்து தஞ்சைக்கு பஸ் ஏறினால் போதுமே! பொது இடத்தில் நிலையாக உள்ள சிற்பத்தைப் படம் எடுத்து வெளியிடுவது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று சட்டமே சொல்கிறது. ஆயிரம் ஆண்டுக் கோயிலுக்கு அந்தக் கேள்வியே எழாது. தொல்லியல் துறையின் விதிகளை மட்டும் மதித்து, படம் எடுக்கக் கூடாத இடங்களைத் தவிர்த்து, நீங்களே எடுத்து வாருங்கள்.

கேள்வி: 1940களின் திரைப்பட நடனம் பற்றி ஆய்வு செய்கிறேன். படக்காட்சிகளை வகுப்பில் போட்டுக் காட்டலாமா? ஒரு காட்சியைப் படமாக எடுத்துக் கட்டுரையில் சேர்க்கலாமா?
– கல்லூரி விரிவுரையாளர், மதுரை

பதில்: வகுப்பில் காட்டலாம். பார்ப்பவர்கள் அந்தக் கல்லூரியின் ஆசிரியர், மாணவர், பெற்றோர் என்ற வட்டத்துக்குள் இருந்தால் சட்டம் தடுக்கவில்லை. ஊரைக் கூட்டித் திரையிட்டால் கதை வேறு.

திரையில் ஓடும் ஒரு சட்டகத்தைப் படமாக எடுப்பதும் திரைப்படத்தைப் படியெடுப்பதாகவே சட்டத்தில் கணக்காகிறது. ஆனால் படம் வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் ஆனதும் அந்த உரிமை முடிந்துவிடும். ஜெமினியின் 'சந்திரலேகா' 1948இல் வந்தது. 2008 முடிவோடு அதன் திரைப்பட உரிமை காலாவதியாயிற்று. ஆகவே முரசு நடனக் காட்சியைத் தயங்காமல் சேர்க்கலாம். பாடல் வரிக்கும் இசைக்கும் தனி உரிமை உண்டு. அது எழுதியவர், இசையமைத்தவர் ஆயுளோடு 60 ஆண்டு என்று ஓடும். பாடல் முழுவதையும் பின்னிணைப்பில் அச்சிடும் முன் இதைப் பாருங்கள். புதிய படங்கள் என்றால், நீங்கள் அலசும் சட்டகங்களை மட்டும், சிறிய அளவில், படத்தின் பெயர், தயாரிப்பு நிறுவனம், ஆண்டு, காட்சி வரும் நிமிடம் ஆகியவற்றோடு கொடுங்கள்.

யூடியூபில் ஒருவர் ஏற்றியிருப்பதாலேயே அவர் உரிமையாளர் ஆகிவிட மாட்டார். விவரக் குறிப்பில் 'கிரியேட்டிவ் காமன்ஸ்' என்று போட்டிருந்தாலும், அது அவர் சொந்தமாக எடுத்த காணொளிதானா என்று பாருங்கள்.

கேள்வி: களப்பணியில் தெருக்கூத்துக் கலைஞர்களைப் படம் எடுத்தேன். எடுத்தது நான் என்பதால் அனுமதி எதுவும் தேவையில்லை அல்லவா?
– ஆய்வு மாணவர், விழுப்புரம்

பதில்: புகைப்படத்தின் உரிமை உங்களுடையது. முகமும் ஆட்டமும் அவர்களுடையவை. நிகழ்த்து கலைஞருக்கென்று தனி உரிமையைச் சட்டமும் தருகிறது; காணொளி எடுப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. எதற்காக எடுக்கிறீர்கள், எங்கே வெளிவரும் என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்குங்கள். படக் குறிப்பில் 'கூத்துக் கலைஞர்' என்று பொதுவாகப் போடாமல், அவர்கள் விரும்பினால் பெயரையும் ஊரையும் ஏற்ற வேடத்தையும் எழுதுங்கள். ஒரு பிரதியை அச்சிட்டு அவர்கள் கையில் கொடுங்கள்.

கேள்வி: நாட்டுடைமையாக்கப்பட்ட நாவலில் உள்ள ஓவியங்களை ஆய்வுக் கட்டுரையில் பயன்படுத்தலாமா?
– வாசகி, சேலம்

பதில்: நாட்டுடைமையானது எழுத்தாளரின் எழுத்து. ஓவியரின் உரிமை அதோடு சேர்ந்து வந்துவிடாது. ஓவியர் எப்போது மறைந்தார், படம் முதலில் எந்த இதழில் வந்தது என்று பாருங்கள். உரிமைக் காலம் முடியவில்லை என்றால் இதழுக்கோ குடும்பத்தாருக்கோ ஒரு கடிதம் போடுங்கள். ஓவியரின் பெயரை எழுதி, வெளியான கட்டுரையை அனுப்பிவைப்பதாகச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.