குழந்தைகளுடன் டிராகன், யூனிகார்ன் மாதிரி கற்பனை மிருகங்களைக் களிமண் நகையாகச் செய்ய ஆசை. எந்த மண் வாங்குவது, எங்கிருந்து தொடங்குவது?

மதுரையில் எங்கள் வீட்டு மாடியில் சனி, ஞாயிறு ஓவிய வகுப்பு நடத்துகிறேன். 8 வயதிலிருந்து 13 வயது வரை பிள்ளைகள் வருவார்கள். கோடை விடுமுறை வந்தால் பென்சிலை ஓரம் வைத்துவிட்டு சுடுமண் நகைதான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதல் வருஷம் நானும் டிராகனில்தான் ஆரம்பித்தேன். செல்போனில் ஒரு படம் காட்டினேன். 12 பிள்ளைகளும் அதே டிராகனைச் செய்தார்கள். எல்லாம் கொழுக்கட்டைக்கு ரெக்கை முளைத்த மாதிரி இருந்தது. நகை என்றால் பத்து ரூபாய் காசு அளவு இடம்தான். அதற்குள் தலை, ரெக்கை, நாலு கால், வால் எல்லாம் எப்படி அடங்கும்?

அடுத்த வருஷம் படம் எதுவும் காட்டவில்லை. மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போய் யாளித் தூணைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து வரைந்து கொண்டுவாருங்கள் என்று மட்டும் சொன்னேன். கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை என்பது எனக்கு வசதியாகப் போயிற்று. கண்ணால் பார்த்ததை மனசில் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும். ஒருவனுக்குப் பிதுங்கிய கண் மட்டும் ஞாபகம் இருந்தது. இன்னொருத்திக்கு யானைத் துதிக்கை. ஒரு பொடியனுக்குப் பல் வரிசை மட்டும்தான். எதைச் செய்வது, எதை விடுவது என்று நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. கண் தோடாயிற்று, துதிக்கை வளைந்து ஜிமிக்கிக் கொக்கியாயிற்று. யூனிகார்ன்தான் வேண்டும் என்று அழுத பிள்ளைக்கும் வழி இருந்தது: கொம்பு மட்டும் செய், அதைத் தொங்கவிடு.

இப்போது மண். கடையில் மூன்று வகை கிடைக்கும். காற்றில் காயும் களிமண் சுலபம், இரண்டு மணி நேர வகுப்புக்குச் சரி. ஆனால் வியர்வையும் தண்ணீரும் பட்டால் ஊறிவிடும், வார்னிஷ் அடித்தாலும் ரொம்ப நாள் தாங்காது. பாலிமர் களிமண் உண்மையில் மண்ணே இல்லை, பி.வி.சி. பிளாஸ்டிக். பாக்கெட்டில் போட்டிருக்கும் சூட்டில், ஏறக்குறைய 130 டிகிரியில், ஓவனில் வைக்க வேண்டும். கொஞ்சம் கருகினாலும் வரும் புகை நல்லதல்ல. சின்னப் பிள்ளைகளோடு அதை நான் தொடுவதில்லை. மூன்றாவது, டெரகோட்டா களிமண். என் ஓட்டு இதற்குத்தான். விலை குறைவு, தப்பானால் திரும்பப் பிசைந்துகொள்ளலாம், கையில் பட்டால் கழுவினால் போச்சு. ஒரு விஷயம் மட்டும்: வீட்டு ஓவனில் இதைச் சுட முடியாது. ஓவன் 250 டிகிரியோடு நின்றுவிடும். வெளியே எடுத்துத் தண்ணீரில் போட்டால் மறுபடி சேறுதான். ஏறக்குறைய 600 டிகிரி தாண்டினால்தான் மண் திரும்பக் கரையாத பொருளாக மாறும். அதற்குச் சூளை வேண்டும்.

கருவிக்கு எதுவும் வாங்க வேண்டாம். பேனா மூடியைச் சாய்த்து அழுத்தினால் பிறை பிறையாகச் செதில் விழும். காலி ரீஃபில் ஓட்டை போட. பிடரி மயிருக்குத் தேன்குழல் அச்சு. பிழிந்து சுருட்டி ஒட்டினால் அசல் யாளிப் பிடரி. (அச்சை அம்மா திரும்ப வாங்கிக்கொள்ளவே இல்லை.) மண் காய்ந்து சுட்டு முடிவதற்குள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும். கொக்கி போடும் ஓட்டையும் கூடவே சுருங்கும். அதனால் தேவைக்கு மேல் பெரிதாகவே குத்தச் சொல்லுங்கள். இதை மறந்துவிட்டு ஒரு தட்டு நிறைய ஓட்டை அடைத்த தோடுகளோடு நான் உட்கார்ந்திருந்திருக்கிறேன். ஒட்டும் இடம் எதுவானாலும் இரண்டு பக்கமும் கீறி, கரைத்த மண்குழம்பு தடவி அழுத்த வேண்டும். தண்ணீர் மட்டும் தொட்டு ஒட்டிய கொம்பு காய்ந்ததும் உதிரும்.

நான் பட்ட பெரிய அடி ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஐப்பசி மாதம், அடைமழை. மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தது. பானையில் உமியும் வறட்டியும் அடுக்கி நானே சுட்டேன். கால் மணி நேரத்தில் பானைக்குள் சோளப்பொரி பொரிகிற மாதிரி சத்தம். 23 உருப்படியில் 14 சிதறிப் போயின. உள்ளே நின்ற ஈரம் ஆவியாகி, வெளியே வர வழியில்லாமல் வெடித்திருக்கிறது. பிள்ளைகளிடம் சொல்லவே வாய் வரவில்லை. இப்போது ஒரு வாரம் நிழலில் காயவைத்து, கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். சில்லென்று இருந்தால் ஈரம் போகவில்லை என்று அர்த்தம். சுடுவதற்கு விளாச்சேரியில் பொம்மை செய்யும் ஒரு அண்ணனிடம் கொடுத்துவிடுகிறேன். நவராத்திரி நெருங்கினால் மட்டும் அவர் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது, கொலு பொம்மை வேலை தலைக்கு மேல் இருக்கும்.

ஒரு 11 வயதுப் பெண் கேட்டாள்: "மிஸ், யாளி வாய்க்குள்ள கல்லு உருண்டை உருளுமே, அந்த மாதிரி டாலர் செய்யலாமா?" சில கோயில் யாளிகளின் வாயில் அப்படி உண்டு, விரலால் உருட்டலாம், வெளியே எடுக்க வராது. கல்லில் உள்ளேயே செதுக்கி எடுத்தார்கள். மண்ணில் எப்படி?

முதலில் மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஓர் உருண்டை உருட்டி, காயவைத்து, அதைச் சுற்றி ஈர மண்ணில் வாயைக் கட்டினாள். மறுநாள் தாடை இரண்டாகப் பிளந்திருந்தது. உருண்டை முன்பே சுருங்கி முடித்துவிட்டது. தாடை இப்போதுதான் சுருங்குகிறது. நடுவில் விட்டுக்கொடுக்க ஆளில்லை. இரண்டாம் தடவை உருண்டையையும் ஈரமாகவே வைத்தோம். ஒட்டிக்கொள்ளாமலிருக்க நாளிதழ்த் துண்டை இரண்டு சுற்றுச் சுற்றி, அதன்மேல் வாய், பல்லெல்லாம் வைத்தாள். பல் இடைவெளி உருண்டையைவிடச் சின்னது.

சூளையிலிருந்து வந்ததும் கையில் வாங்கிக் குலுக்கினாள். முதலில் ஒன்றும் இல்லை. தரையில் லேசாகத் தட்டினாள். பல் சந்து வழியே ஒரு சிட்டிகை சாம்பல் கொட்டியது. மறுபடி குலுக்கினாள். கடகடவென்றது.

அன்று ராத்திரி அவள் அம்மா போன் செய்தார்கள். "மிஸ், தூங்குறப்பவும் கழட்ட மாட்டேங்கிறா. புரண்டு புரண்டு படுக்கிறா, ஒவ்வொரு வாட்டியும் சத்தம் கேக்குது."